சாயவேரும் வன்னி நாடும்

வன்னி நாட்டின் பழைய வரலாற்றைப் பேசுவோர் யானையை மறப்பதில்லை. வன்னியர் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளை அளித்தனர். யாழ்ப்பாணத்துத் துறைகளிலிருந்து அவை கப்பலேறின. திறை குறைந்தபோதெல்லாம் பூசல் மூண்டது. இவை நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும், யானை போன்ற பேருருவை ஏற்றிச் சென்ற அதே வணிகர், நூலிழை போன்ற மற்றொரு சிறு பொருளையும் அதே கண்ணும் கருத்துமாக இந்நாட்டு மணலிலிருந்து அகழ்வித்தனர் என்பதைப் பலர் அறியார். அப்பொருள் சாயவேர். மன்னார், யாழ்ப்பாணம், வன்னி ஆகிய பகுதிகளின் கரையோர மணலில் தானாக விளைந்த இவ்வேர், ஒரு காலத்தில் ஆழிகடந்த வாணிபத்தின் அச்சாணிகளுள் ஒன்றாக விளங்கிற்று. பின்னர் அஃது அடியோடு மறக்கப்பட்டது. விளங்கியதற்கும் மறக்கப்பட்டதற்கும் உரிய காரணங்களை ஆராய்வது, வீட்டுத் தோட்டத்திலே மீண்டும் வண்ணச்செடி வளர்க்க விரும்பும் இக்காலத்தாருக்குப் பயன்தருவதாகும்.

முதலில் செடியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சாயவேர்ச் செடி ஓங்கி வளர்வதன்று. நிலத்தை ஒட்டிப் படரும் சிறு பூண்டு. ஒடுங்கிய இலை, சிறு வெண்பூ, அதனினும் சிறிய காய், தூள்போன்ற விதை. வழியிற் செல்வோர் மிதித்துச் செல்வரேயன்றி நின்று நோக்கார். சித்த மருத்துவர் இதனை இம்பூறல் என்பர். இருமலுக்கும் இரத்தங் கக்கும் நோய்க்கும் மருந்தாக வழங்குவர். சுவீடன் தேயத்துத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1753இல் வெளியிட்ட நூலில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். 1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய பெருநூலில், டாக்டர் வில்லியம் ராக்சுபரோ இச்செடியின் வண்ணப்படத்தையும் அதைக்கொண்டு சாயமிடும் முறையையும் தந்திருக்கிறார்.

செடியின் மதிப்பெல்லாம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. அதன் வேர் மிக மெல்லியது; ஆனால் மணலைத் துளைத்துக்கொண்டு நெடுந்தூரம் கீழிறங்குவது. வேரின் உள்ளீடு வெண்மையானது, அதனாற் பயனில்லை. மேலே போர்த்த மெல்லிய பட்டையிலேதான் நிறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்த காட்டுவேர் குட்டையாயினும் நிறத்தில் மிக்கது என்று ராக்சுபரோ குறித்துள்ளார். மேலும், கிளிஞ்சலும் சிப்பியும் நொறுங்கிச் சுண்ணாம்புச் சத்து ஏறிய கடற்கரை மணலில் விளைந்த வேரே சிறந்த சிவப்பைத் தரும் என்பது சாயக்காரர் கண்ட அனுபவம். இவ்வனுபவத்துக்கு இக்கால வேதியியலும் சான்று பகர்கிறது. வேர்ப்பட்டையிலுள்ள அலிசரின் என்னும் நிறப்பொருள், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் கூடும்போதுதான் கழுவினாலும் வெயிலில் உலர்த்தினாலும் எளிதில் மங்காத செந்நிறமாகிறது.

இனி, இவ்வேரின் பெருமைக்குக் காரணமான பருத்தித் துணியைக் கருதுவோம். பட்டும் கம்பளியும் சாயத்தை எளிதில் ஏற்கும். பருத்தியோ எளிதில் இணங்காது. ஊட்டிய நிறத்தை முதற் சலவையிலேயே நீரோடு போக்கிவிடும். பருத்தியில் நிலைத்த நிறம் ஏற்றும் கலை இந்தியத் துணைக்கண்டத்திலே மிகப் பழங்காலத்திலேயே கைவந்துவிட்டது. மொகஞ்சதாரோவிற் கிடைத்த பருத்தித் துணுக்கு செஞ்சாயம் ஏற்றப்பட்டது என்பர் அறிஞர். புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945இல் அகழ்வாய்வு நடத்திய சர் மோர்ட்டிமர் வீலர், அங்குக் கண்ட செங்கற்றொட்டிகள் துணிக்குச் சாயமிடப் பயன்பட்டவையாகலாம் எனக் கருதினார். வழிவழி வந்த அக்கலையின் பயனாகச் சோழமண்டலக் கரையின் செந்நிறத் துணிகள் கீழைத் தீவுகளிற் பெரிதும் விரும்பப்பட்டன. மலாக்கா முதல் மொலுக்கசு வரை வாழ்ந்த மக்கள் பொற்காசினும் அத்துணியையே மதித்தனர். சாதிக்காயும் கிராம்பும் வாங்க விரும்பிய ஐரோப்பியர் முதலில் துணி வாங்க வேண்டியவராயினர். நல்ல துணி வேண்டுமாயின் நல்ல சாயவேர் வேண்டும் என்பதையும் விரைவில் அறிந்துகொண்டனர்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியார் 1610 முதற் பழவேற்காட்டில் நிலைகொண்டிருந்தனர். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இவ்வெற்றியால் துணி நெய்யும் கரையும் வேர் விளையும் கரையும் ஒரே ஆட்சிக்குள் வந்தன. பாக்கு நீரிணையின் ஒரு பக்கம் தறி, மறுபக்கம் வேர். இடையே பாய்க்கப்பல் ஒரு சில நாட்களிற் கடக்கும் தூரமே. எனவே கும்பனியார் சாயவேரைத் தமக்கேயுரிய தனிவாணிபப் பொருளாக வைத்துக்கொண்டனர். வேரைக் கரைகடந்து அனுப்பியதோடு அமையாமல், சோழமண்டலத்திலிருந்து நெசவாளரையும் சாயக்காரரையும் அழைத்து யாழ்ப்பாணத்திலும் சாயத்தொழில் நடத்த முயன்றனர்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் தளபதியாயிருந்த என்றிக் சுவாடகுரூன் 1697இல் தமக்குப் பின் ஆள்வோருக்கு வழிகாட்டியாக ஒரு நீண்ட நினைவுக்குறிப்பு எழுதிவைத்தார். இவர் பிற்காலத்தில் பத்தாவியாவில் மகாதேசாதிபதியாக உயர்ந்தவர். அக்குறிப்பை சோபியா பீற்றர்சு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1911இல் கொழும்பில் அது வெளியாயிற்று. யானை, புகையிலை, பனைமரம், நெல் ஆகியவற்றோடு சாயவேரும் அதில் இடம்பெற்றிருக்கிறது. நாடாள வந்த தலைவன் ஒரு சிறு பூண்டின் வேரைப் பற்றி வாரிசுகளுக்கு அறிவுரை எழுதுகிறான் என்றால், அவ்வேர் ஈட்டித்தந்த ஊதியம் எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

ஆனால் அவ்வூதியம் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்பது வரலாறு கற்போர் கடமை. வேர் அகழ்தல் விரும்பியவர் விரும்பியபோது செய்த தொழில் அன்று. அது குறிப்பிட்ட குலத்தினருக்குப் பிறப்போடு வந்த ஊழியம். தமிழரசர் காலத்திலும் குலத்துக்குரிய கடமைகள் இருந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவற்றை நீக்கவில்லை. மாறாக, தோம்பு என்னும் பதிவேடுகளில் மக்களைப் பெயர்பெயராக எழுதி அக்கடமைகளை மேலும் இறுக்கினர். அகழ்ந்த வேரைக் கும்பனிக்கே கொடுத்தல் வேண்டும். அதற்குரிய விலையைக் கும்பனியே விதிக்கும். வாங்குவோன் ஒருவன், விலை சொல்வோனும் அவனே. இத்தகைய சந்தையிலே விற்பவனுக்கு எஞ்சுவது யாது?

ஒரு கட்டு வேர் சேர்ப்பதற்கு எத்தனை செடிகள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வுழைப்பின் கடுமை புலப்படும். வேரோ நூல்போன்றது. இழுத்தால் அறும், அறுந்தால் ஆழத்திலுள்ள நற்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். எனவே ஒவ்வொரு செடியையும் சுற்றி ஆழ அகழ்ந்து, மணலை மெல்ல விலக்கி, வேரை முழுமையாக எடுத்தல் வேண்டும். பின் உலர்த்தி, மண் உதறி, கட்டாகக் கட்டவேண்டும். நிழலில்லாத கடற்கரை வெளி. அருகில் நன்னீரும் அரிது. அவ்விடத்தில் நாள்முழுதும் குனிந்து உழைத்தோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. பாரக்கணக்கில் எடைபோடப்பட்ட வேர் மட்டுமே கணக்கேட்டில் நிற்கிறது.

அடுத்து, இவ்வேர் சாயமாக மாறிய முறையை நோக்குவோம். இதை வெளியுலகுக்கு விளக்கமாக எழுதி அனுப்பியவர்களுள் முதன்மையானவர் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். சோழமண்டலக் கரையில் வாழ்ந்த அவர், தம்மைச் சார்ந்த சாயக்காரரிடம் கேட்டறிந்தவற்றை 1742இல் ஒரு கடிதமாக எழுதினார். அக்காலத்தில் பிரான்சு தேயம் இந்திய வண்ணத்துணியைத் தன் நாட்டுக்குள் வரவிடாது தடுத்திருந்தது. 1686இல் விதித்த அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1721இல் அத்தகைய சட்டம் இயற்றிற்று. துணியைத் தடுத்தனர், துணி செய்யும் வித்தையை மட்டும் விடாது தேடினர். சாயவேர் என்னும் தமிழ்ச்சொல் இவ்வாறு ஐரோப்பிய மொழிகளிலும் சிறிது திரிந்து நுழைந்தது.

அம்முறை பொறுமையை முதலாகக் கொண்டது. முதலில் துணியிலுள்ள கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் நீங்கும்படி பலமுறை வெளுத்தல் வேண்டும். பிறகு கடுக்காய்த் தூளை எருமைப்பாலிற் கரைத்து, துணியை அதில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறம் பற்றுவதற்கு நிலைக்களமாகும். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் துணியிற் பரந்து கலங்காமற் காக்கும். அடுத்து, சிவப்பு வேண்டிய இடத்திற் படிகார நீரை இடுவர். கருமை வேண்டிய இடத்தில் இரும்பு நீரை இடுவர். அது பழைய இரும்புத் துண்டுகளைப் பனங்கட்டிக் கரைசலிற் பலநாள் ஊறவைத்து எடுத்தது. அதன்பின் ஓடும் நீரில் அலசி, சாயவேர்த் தூளிட்ட நீரில் மெல்லிய தீயிற் காய்ச்சுவர். காயா மரத்தின் இலையையும் உடன் சேர்ப்பதுண்டு. அலுமினியச் சத்தைத் தன் இலையில் சேர்த்துவைக்கும் இயல்பு காயாவுக்கு உண்டு என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர். சாயக்காரர் அதன் பெயரறியாமலே பயனறிந்திருந்தனர். காய்ச்சிய துணியை மீண்டும் அலசி, வெயிலில் விரித்து, நீர் தெளித்து, மறுபடியும் காய்ச்சுவர். இவ்வாறு பலமுறை செய்தபின்னரே நிறம் நிலைபெறும்.

ஒரே வேர்நீரிலிருந்து படிகாரம் இட்ட இடம் சிவப்பாகவும், இரும்பு நீர் இட்ட இடம் கருமையாகவும், இரண்டும் கலந்த இடம் ஊதாக் கலந்த பழுப்பாகவும் எழுவது காண்போருக்கு வியப்பூட்டும். நிறம் வேரில் மட்டும் இல்லை. வேர், உப்பு, நீர், வெயில், காலம் ஆகிய ஐந்தும் கூடிய இடத்திலேயே இருக்கிறது.

வன்னிக் காடும் கரையும் சாயவேரோடு நிற்கவில்லை. காயா இக்காட்டிற் பரவலாக வளர்வது. மஞ்சவண்ணா மரத்தின் வேர் செம்மஞ்சள் நிறம் தருவது. ஆவரசின் பட்டை துவர்ப்பு மிக்கது. பனிச்சங்காயின் பிசின்போன்ற துவர்நீரில் மீன்வலையைத் தோய்த்தால் அது கருமையேறி உப்புநீரில் விரைவில் இற்றுப்போகாது. தோணியின் பொருத்துகளுக்கும் அது பூசப்பட்டது.  அவுரியின் இலையை நீரிற் புளிக்கவைத்து, பின் அந்நீரைக் காற்றுப்படக் கடைந்தால் நீலம் அடியிற் படியும். செம்மை, மஞ்சள், நீலம், கருமை ஆகிய நான்கும் ஓர் உலர்நிலத்தின் செடிகொடிகளிலிருந்தே பெறத்தக்கவை.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு ஆகியவற்றைக் கைப்பற்றியபின் சாயவேர் வருவாயையும் தமதாக்கிக்கொண்டனர். அது குத்தகைக்கு விடப்பட்டது. இலங்கைச் சுங்கப் பகுதியில் உயர்பதவி வகித்த அந்தோனி பேற்றலாச்சி 1817இல் வெளியிட்ட நூலில் இவ்வேர் பற்றியும் எழுதியுள்ளார். வேரைக் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லவும் சிலர் முயன்றனர். ஆனால் வேர் இடத்தை அடைத்தது. நெடும்பயணத்தில் அதன் வீரியமும் குறைந்தது. இதற்கிடையே மான்செசுற்றர் ஆலைத்துணி கீழ்த்திசையெங்கும் மலிவாகப் பரவிற்று. சோழமண்டலத்துத் தறிகள் ஓய்ந்தன. தறி ஓய்ந்தபோது வேர் கேட்பாரும் குறைந்தனர். 1832இல் கட்டாய இராசகாரிய ஊழியம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிறப்பினால் வந்த ஊழியம் நீங்கியது பெருநன்மையே. அதனை எவரும் மறுக்கார்.

இறுதி அடி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். 1868இல் செருமனியில் கிராபே, லீபர்மான் என்னும் இருவர், சாயவேரிலும் மஞ்சிட்டி வேரிலும் உள்ள அதே அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கினர். அடுத்த ஆண்டு, 1869 யூன் மாதத்தில், அதைப் பேரளவில் உற்பத்தி செய்யும் முறைக்கு செருமானியரும் பெர்க்கினும் ஒருநாள் இடைவெளியில் இலண்டனில் உரிமைப்பதிவு கோரினர். சிறிது காலத்தில் பிரான்சு நாட்டு மஞ்சிட்டி வயல்களே அழிந்துபட்டன. 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. அவுரியும் அவ்வழியே சென்றது. பெருவயல்களுக்கே அக்கதி நேர்ந்தபோது வன்னி மணலின் பூண்டுக்கு என்ன வலிமை? வேர் மண்ணிலேயே கிடந்தது. அதை அறிந்தோர் ஒவ்வொருவராக மறைந்தனர். ஆயினும் செடி மறையவில்லை. ஆய்வுக்கூடம் கொன்றது செடியை அன்று, அறிவையே.

வன்னிக் கரையோர மணலுக்கு அதன்பின் வேறொரு வரலாறும் நேர்ந்தது. 2009இல் போரின் இறுதி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையின் ஒடுங்கிய மணற்பரப்பில் இலட்சக்கணக்கான மக்கள் நெருக்குண்டு நின்றனர். எண்ணற்றோர் அங்கே மாண்டனர். எஞ்சியோர் முகாம்களில் இருந்து, பின் படிப்படியாகத் தம் ஊர்களுக்குத் திரும்பினர். கூரையும் கிணறும் சீரானபின் அவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று வீட்டுத் தோட்டம் இடுதல். கத்தரி, மிளகாய், முருங்கை, வாழை என வளவு மீண்டும் பசுமையுற்றது. குடும்பப் பாரத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் பனையோலைப் பின்னலும் தையலும் நெசவும் செய்து வாழ்கின்றனர். அவர்களின் வளவின் ஓரத்திலே வண்ணச்செடிக்கும் ஒரு பாத்தி இருத்தல் கூடாதா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.

இதற்கு இயற்கையின் ஒழுங்கை அறிதல் வேண்டும். வன்னியின் பெருமழை வாடைக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. பங்குனி தொட்டுப் புரட்டாதி வரை பெரும்பாலும் வறட்சி. ஆகவே விதைப்பு மாரியின் தொடக்கத்துக்கும், அகழ்தலும் சாயமிடுதலும் கோடைக்கும் உரியன. சாயவேர் விதை மிகச் சிறிதாகையால் மெல்லிய மணலோடு கலந்து தூவி, ஆழப் புதையாமற் காத்தல் நன்று. களிமண் ஆகாது, நீர் தேங்குதலும் ஆகாது. சிப்பித்தூள் கலந்த மணற்பாத்தி அதற்குப் பழகிய நிலம். அவசரப்பட்டு முதலாண்டிலேயே அகழ்ந்தால் வேர் மெலிந்து நிறமும் குறையும்; இரண்டாண்டு பொறுத்தல் சிறப்பு. எல்லாச் செடியையும் ஒருங்கே அகழாது, விதைக்கென ஒரு பகுதியை விட்டுவைப்பதே அறிவுடைமை. அவுரியோ அவ்வாறன்று, வேரை விடுத்து இலையைக் கொய்வதால் அது மீண்டும் தழைக்கும், பயறினத்தைச் சேர்ந்ததாகையால் மண்ணையும் வளமாக்கும். கோடை வெயிலைக் குறைகூறுவது வன்னியில் வழக்கம். சாயத்தொழிலுக்கோ அவ்வெயிலே கூலியில்லா வேலையாள்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகளை மறத்தலாகாது. இலைச்சாயமும் வேர்ச்சாயமும் ஆலைச்சாயத்தோடு மலிவிற் போட்டியிட முடியாது; அவ்வாறு போட்டியிட முனைவோர் மறுபடியும் தோற்பர். ஒரு சேலைக்குப் பல நாட்கள் வேண்டும் என்றால், அப்பல நாட்களின் கூலியும் அச்சேலையின் விலையில் அடங்குதல் வேண்டும். அதை உணர்ந்து வாங்குவோரைத் தேடுவதே தொழிலின் பாதி. மற்றையது, கடற்கரைக் காட்டுச்செடியை வகைதொகையின்றி அகழ்ந்து மணலைக் காற்றுக்கு இரையாக்குதல் கூடாது. வளவிலே விதைத்து வளவிலே அகழ்தல்தான் நிலத்துக்கும் நல்லது, அகழ்வோருக்கும் நல்லது.

முன்னாளில் வேரை அகழ்ந்தவர் ஒருவர். விலை வைத்தவர் மற்றொருவர். துணியை உடுத்தவர் வேறொருவர். அகழ்ந்தவருக்கு நிறமும் எட்டவில்லை, நிதியும் எட்டவில்லை. இனி அச்செடி மீளுமாயின், விதைத்த கையே அகழ்ந்து, காய்ச்சி, தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லுதல் வேண்டும். கடுக்காயும் படிகாரமும் வேரைத் துணியோடு பிணைப்பதுபோல, நீதி உழைப்பை ஊதியத்தோடு பிணைத்தால், வன்னி மணலின் செம்மை எத்தனை முறை அலசினும் கரையாது நிற்கும்.